முருகையா நாய் வெளுத்த கதை

முருகையா எனக்குக் கொழுந்தன். என் வீட்டுக்காரரையும் சேர்த்து அண்ணன் தம்பிகள் ஐந்து பேர். அதில் இவர் கடைக்குட்டி. என் மாமனார் காளியண்ணன் ஒரு சட்டையை மாட்டினால் அது தானாகக் கிழிந்து விழுகிற வரைக்கும் கழற்ற மாட்டார். மூத்தவர்கள் நால்வரும் அப்பனை உரித்து வைத்தவர்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான், சொல்ல எனக்கென்ன வெட்கம். அந்தக் குடும்பத்தில் முருகையா மட்டும் எப்படி இத்தனை வெள்ளையும் சள்ளையுமாக வந்து பிறந்தாரோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

முப்பத்திரண்டு வருடம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டினார். செம்பனைப் பழம் பழுத்தால் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் கசியும். அது துணியில் பட்டால் துணி நைந்து போனாலும் கறை போகாது. எங்கள் அசாம் ஜாவா பக்கத்தில் தோட்ட வேலைக்குப் போய் வருகிறவர்களை எல்லாம் அந்தக் கறையை வைத்தே அடையாளம் சொல்லலாம். முருகையாவிடம் மட்டும் ஒரு பொட்டு இருக்காது. வேலைச் சட்டையை லோரியிலேயே கழற்றிச் சுருட்டிவிட்டு, கொக்கு மாதிரி வெள்ளைச் சட்டையில் இறங்கி வீட்டுக்கு நடந்து வருவார். "கிராணி வர்றாரு, கிராணி வர்றாரு" என்று, ஏதோ தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா வருகிற மாதிரி, லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

வெள்ளைத் துணியை அவரே துவைப்பார். புஷ்பா, அதாவது அவர் சம்சாரம், கிட்டே போகக்கூடாது. "அவ கைக்கு வெள்ளை வராது அண்ணி" என்பார். முதல் நாளே சவுக்காரத்தில் ஊற வேண்டும். அலசின தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். கடைசி வாளியில் நீலம். அதையும் விரல் நுனியில் தொட்டுத் தொட்டு, பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி அளந்து விடுவார். பழைய வெள்ளையில் மஞ்சள் அடித்துவிட்டால் இன்னும் ஒரு சொட்டு. அப்புறம் கஞ்சி. இப்போது தமானில், அதாவது புதுக் குடியிருப்பில், வீடு வாங்கிக் குடியேறி, வேலையிலிருந்தும் நின்று ஆறு வருடம் ஆகிறது. வாசலில் கொடி கட்டிக் காயப்போடுவது மட்டும் நிற்கவில்லை. எதிர்வீட்டு மாடில்டா, "அண்ணே, உங்க வேட்டியப் பாத்தா கண்ணு கூசுது, கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் வெளிய வரணும் போல" என்பாள். அவள் கலும்பாங்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். குரல் கொடுத்தால் இரண்டு ரோடு தாண்டிக் கேட்கும்.

முருகையாவுக்கு ஒரே மகள், தனேஸ்வரி. கிள்ளானில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு தீபாவளிக்கு முன்னால் அவள் ஒரு நாய்க்குட்டியோடு வந்து இறங்கினாள். ஸ்பிட்ஸ் சாதியாம். உடம்பெல்லாம் பொசுபொசுவென்று வெள்ளை ரோமம். தேங்காய்ப்பாலை இங்கே சாந்தான் என்பார்கள். நாய்க்கும் சாந்தான் என்றே பெயர் வைத்திருந்தாள். காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. முருகையா புதுவேட்டி கட்டி, விபூதி பூசி, கோயிலுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறார். சாந்தான் சாக்கடையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு நேரே ஓடி வந்து, முன்காலைத் தூக்கி அவர் தொடையில் வைத்தது. இரண்டு கறுப்புப் பூ.

"இந்த நாய் இருக்கிற வூட்டுல நான் இருக்க மாட்டேன்!" என்று கத்தினார்.

"அப்ப இது இல்லாத வூட்டுல நானும் இருக்க மாட்டேன்" என்றாள் மகள். அப்பன் ரத்தம்தானே. சுட்ட பலகாரத்தைத் தொடாமல், நாயைத் துண்டில் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு போனவள்தான். இரண்டு வருடமாக அந்த வாசலை மிதிக்கவில்லை. அம்மாவோடு தினமும் போனில் பேசுவாள். போன் மணி அடித்தால் முருகையா எழுந்து குசினிக்கு, அதாவது சமையற்கட்டுக்கு, போய், கதவுக்குப் பின்னால் நின்று, ஒட்டுக்கேட்கிறவர் மாதிரி இல்லாமல் ஒட்டுக்கேட்பார்.

போன மழைக்காலத்தில் தனேஸ்வரிக்குக் கூச்சிங்கில் நாலு வாரப் பயிற்சி வந்தது. நாயைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன கூட்டாளிக்குக் கடைசி நேரத்தில் கால் முறிந்துவிட்டது. "இங்க வுடு" என்றாள் புஷ்பா. "அப்பா என்ன சொல்வாரு?" என்று கேட்டாள் மகள். குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து, "அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று அப்பாவே சொன்னார்.

இரண்டு வருடத்தில் மகள் அவரிடம் கேட்ட முதல் காரியம் இது. அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"அண்ணி, அவ எந்த வெள்ளையில கொண்டாந்து வுடுறாளோ, அதே வெள்ளையில திருப்பிக் குடுக்கணும். ஒரு பொட்டு கொறைஞ்சாலும் இனிமே அவ இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டா."

"அது நாயிப்பா, வேட்டி இல்ல" என்றேன்.

"வெள்ளை வெள்ளைதானே அண்ணி" என்றார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

தனேஸ்வரி நாயை விட வந்தபோது இவர் வேண்டுமென்றே கடைக்குப் போய்விட்டார், முகத்துக்கு முகம் பார்க்கக் கூச்சம். அவள் ஒரு தாளை ஐஸ்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். கண்ணுக்குக் கீழே ஈரம் தங்கினால் பழுப்புக்கோடு விழும். கொதித்து ஆறின தண்ணீரில் பஞ்சை நனைத்துக் காலையும் மாலையும் ஒற்றி, உடனே காயத் துடைக்க வேண்டும். வெளியே போய் வந்தால் விரல் இடுக்கு வரைக்கும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நக்கி நக்கிக் கால் ரோமம் செம்பட்டை ஆகிவிடும். தினமும் சீவ வேண்டும், சிக்கில்தான் அழுக்குத் தங்கும். குளியல் இரண்டு வாரத்துக்கு ஒன்று, நாய் ஷாம்பு மட்டும்.

முதல் மூன்று வாரம் தாளில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் செய்தார். மழைத்தண்ணீர் தேங்கின இடம் வந்தால் நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தாண்டுவார். ஒரு கையில் குடை, ஒரு கையில் நாய். "மகள இப்படித் தூக்கினீங்களாண்ணே?" என்று மாடில்டா கேட்டாள். அவர் காதில் விழாத மாதிரி போய்விட்டார். சோபாவில் வெள்ளைத் துண்டு விரித்து நாயை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்ப்பார். உதிர்ந்த ரோமத்தைக் கூடக் கையால் பொறுக்குவார்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை, தமானுக்குப் பின்னால் இருக்கிற செம்பனை ஓரமாக நடக்கப் போயிருக்கிறார்கள். பழைய லோரிக் கூட்டாளி யாரோ நிறுத்திப் பேச்சுக் கொடுத்திருக்கிறான். இவர் கயிற்றை விட்டுவிட்டார். திரும்பிப் பார்த்தால் சாந்தான் உதிர்ந்து கிடந்த பழத்துக்கு மேல் மல்லாந்து படுத்து, காலை ஆட்டி ஆட்டிப் புரண்டுகொண்டிருக்கிறது. வாய் நிறையப் பழம். கழுத்து, நெஞ்சு, முதுகு எல்லாம் ஆரஞ்சு.

முப்பத்திரண்டு வருடம் தன் வெள்ளைச் சட்டையில் ஏறாத கறை, மகளுடைய நாயின் மேல் ஏறிவிட்டது.

நாய் ஷாம்பு போட்டார். போகவில்லை. மறுபடி போட்டார். கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான். தாளைப் பார்த்தார். தாளில் செம்பனை எண்ணெய் பற்றி ஒன்றும் இல்லை. கிள்ளானில் இருக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று, துணிக்குப் போடுகிற சவுக்காரக் கட்டியை எடுத்தார். அவருடைய கை வேகம் எனக்குத் தெரியும். காலர் அழுக்கையே கண்ணீர் விட வைக்கிற கை. வாயோரம் தவிர மற்ற இடத்துக் கறை விட்டது. மறுநாள் நாய்க்குத் தோல் சிவந்து, நிற்காமல் சொறிய ஆரம்பித்தது.

"சொறியுதே, கிளினிக்குக்குக் கொண்டு போங்க" என்றாள் புஷ்பா.

"கிளினிக்குக்குப் போனா மகளுக்குத் தெரிஞ்சிரும்."

"கிளினிக்கு என்ன அவ ஆஸ்பத்திரியா? அங்க நாய வச்சா பாக்குறாங்க?"

அவர் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளைக்குத் தோலில் எது வந்தாலும் மஞ்சளும் வேப்பிலையும்தானே. தேங்காயெண்ணெயில் குழைத்து, மூக்கிலிருந்து வால் வரைக்கும் அப்பிவிட்டார். சொறி நின்றது, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் சாந்தான் மாரியம்மன் கோயில் கரகம் மாதிரி ஆகிவிட்டது. மகள் எழுதின தாளில், 'மஞ்சள் பூசாதீர்கள்' என்று ஒரு வரி இல்லை. யாராவது அப்படி எழுதுவார்களா?

புதன்கிழமை காலையில் மஞ்சளைக் கழுவ வாசல் குழாயடிக்குக் கொண்டு வந்தார். மறுபடி அதே சவுக்காரம். மஞ்சள் மேல் சவுக்காரம் பட்டால் என்ன ஆகும்? பொம்பளைகளுக்குத் தெரியும், ரத்தச் சிவப்பாகும். வேட்டியைத் தவிர வேறு எதையும் துவைத்தறியாத மனுஷனுக்குத் தெரியாது. நுரை சிவந்தது. நாய் சிவந்தது. அவர் கை முழங்கை வரைக்கும் சிவந்தது. அந்த நேரம் பார்த்து மாடில்டா குப்பை போட வெளியே வந்தாள்.

"ஐயோ மாதாவே! அண்ணே, நாய வெட்டிட்டீங்களா!"

தமானே கூடிவிட்டது. இரண்டு ரோடு தள்ளி இருக்கிற நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். நடுவில் முருகையா இரண்டு கையையும் தூக்கி, "வெட்டலை லா! குளிப்பாட்டுறேன் லா!" என்று கத்துகிறார். சிவப்பு நாய் ஒரு உதறு உதறியது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிவப்புப் புள்ளியோடு வீட்டுக்குப் போனோம்.

நல்ல தண்ணீரில் அலச அலசச் சிவப்புப் போய்ப் பழையபடி மஞ்சள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். நடுவில் மூன்று நாள். முருகையா வாசல்படியில் உட்கார்ந்து நாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று முகம் தெளிந்தது. 'சரி, ஏதோ புத்தி வந்துவிட்டது' என்று நான் வீட்டுக்கு வந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

மஞ்சளடித்த வெள்ளைத் துணிக்கு என்ன போடுவோம்? நீலம். கணக்குச் சரிதான். வேட்டியாக இருந்தால் சரி. நாய் முழுக்க இருந்த மஞ்சளுக்கு ஒரு சொட்டு போதாது என்று அவராகவே முடிவு செய்து, ஒரு வாளிக்கு அரைப் புட்டி ஊற்றி, அதில் நாயை முக்கி எடுத்திருக்கிறார்.

மத்தியானம் புஷ்பா என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. "அக்கா, நீங்க வந்து பாருங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

போய்ப் பார்த்தேன். பச்சை. இளம் பச்சை இல்லை, நல்ல பச்சை. காது மட்டும் கொஞ்சம் நீலம். வாயைச் சுற்றி ஆரஞ்சு அப்படியே இருந்தது. நாய் என்னைப் பார்த்துச் சந்தோஷமாக வாலை ஆட்டியது. அதற்கு என்ன தெரியும்?

மாடில்டா வேலி மேல் கையை வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். "என்னாண்ணே, இது நாயா, பாண்டான் கேக்கா?" பாண்டான் இலைச்சாறு விட்டுச் சுடுகிற பச்சைக் கேக்கைத்தான் சொன்னாள்.

முருகையா உள்ளே போய், துணி வெளுக்கிற குளோராக்ஸ் புட்டியைத் தேடினார். புஷ்பா முன்பே அதை எடுத்து, கீழே வைத்து, அதன் மேல் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கலியாணமாகி முப்பத்து நாலு வருடத்தில் அவள் அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. "இது மேல கைய வச்சீங்க, மொதல்ல உங்க தலையில ஊத்துவேன்" என்றாள்.

கடைசியில் நாயை ஒரு பெரிய துண்டில் சுற்றி, குழந்தை மாதிரி மூடி, குவாலா சிலாங்கூர் டவுனில் இருக்கிற மிருக டாக்டரிடம் மூவரும் போனோம். சின்னப் பெண்தான் டாக்டர். துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம் அங்கிள்" என்று உள்ளே போனாள். உள்ளே சிரிக்கிற சத்தம் எங்களுக்கு நன்றாகவே கேட்டது. திரும்பி வந்து முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னாள்.

"தோல் தேறிடும், மருந்து தரேன். இனிமே நீங்க எதையும் போடாதீங்க அங்கிள். சோப்பு, நீலம், குளோராக்ஸ், ஒண்ணும் வேணாம். ஒரு வாரம் கழிச்சு நாய் ஷாம்புல குளிப்பாட்டுங்க, நீலம் கொஞ்சம் கொஞ்சமா போயிரும். மஞ்சள் காலை வெயில்ல தானா வெளுத்திரும். வாயில இருக்கிற எண்ணெய்க்கறை ரோமம் வளர வளரத்தான் போகும்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள?"

"எந்த மாசத்து ஞாயிறு அங்கிள்?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

தனேஸ்வரி தினமும் நாய்ப் படம் கேட்பாள். புஷ்பா திங்கட்கிழமையிலிருந்தே பழைய படத்தை அனுப்பிக்கொண்டிருந்தாள்; முதல் வாரத்தில் எடுத்தது, நாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முருகையா சோபாவில் உட்கார்ந்திருப்பது. அன்று ஐந்து படம் எடுத்திருந்ததால், ஒவ்வொரு நாளும் ஒன்று. வெள்ளிக்கிழமை காலையில் போன் அடித்தது. நானும் அங்கே இருந்தேன்.

"அம்மா, அப்பாவுக்கு என்னா ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் இல்லையே, ஏன்?"

"அஞ்சு நாளா ஒரே கைலிய கட்டியிருக்காரு. அப்பா காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு மாத்துற ஆளு. ஒடம்பு முடியலியா? மறைக்காம சொல்லுங்கம்மா. நான் இன்னிக்கே லீவு போட்டுட்டு வர்றேன்."

புஷ்பா என்னைப் பார்த்தாள். நான் கதவைப் பார்த்தேன். குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து முருகையா வந்தார். மெதுவாகப் போனை வாங்கிக் காதில் வைத்தார். இரண்டு வருடத்துக்கு அப்புறம் மகளிடம் அவர் நேராகப் பேசின முதல் வார்த்தை இதுதான்:

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நாய்தான் பச்சையா போச்சு."

"பச்சையான்னா?" என்று கேட்டாள்.

"பச்சைதாம்மா. பாண்டான் கேக் மாதிரி." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்தான் பண்ணேன். அம்மா மேல தப்பு இல்ல."

போன் கட்டாகிவிட்டது. கோபத்தில் வைத்தாளா, கோடு அறுந்ததா, தெரியவில்லை. திருப்பி அடித்தால் எடுக்கவில்லை. முருகையா போனை மேசை மேல் வைத்துவிட்டு, பஞ்சை நனைத்துக்கொண்டு போய் நாய்க்குக் கண் துடைக்க உட்கார்ந்தார். சனிக்கிழமை முழுக்க அவர் சோறு தொடவில்லை. நாய்க்கு மட்டும் நேரத்துக்கு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கார் வந்தது. முருகையா நாயைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். புஷ்பா அதற்கு ஒரு சின்னச் சட்டை மாட்டலாம் என்றாள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். "எத்தனைய மூடுவே?" என்றார்.

சாந்தான் அவளைக் கண்டதும் பாய்ந்தது. தனேஸ்வரி மண்டியிட்டு அதைப் பிடித்தாள். நர்ஸ் அல்லவா, நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். காலைத் தூக்கி விரல் இடுக்கைப் பிரித்தாள். கண்ணுக்குக் கீழே விரலால் தடவினாள். கழுத்து ரோமத்துக்குள் கையை விட்டுத் துழாவினாள். முருகையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தப்புப் பண்ணினவர் மாதிரி நின்றார்.

"கண்ணுல கோடே இல்ல" என்றாள் மகள். "நான் ஒரு வருஷமா தொடச்சும் போகல."

"ரெண்டு வேளையும் தொடச்சேன்."

"ஒரு சிக்கு இல்ல. காலு சுத்தமா இருக்கு."

"தாள்ல எழுதியிருந்தியே."

"நீலம் போடச் சொல்லி எழுதியிருந்தேனா?"

"அது என் சொந்த யோசனை."

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வெள்ளிக்கிழமையும் சிரிப்புத் தாங்காமல்தான் போனைக் கீழே போட்டுவிட்டாளாம். போட்டதில் அது உடைந்தே போய்விட்டதாம். "வகுப்புல எல்லாரும் எனக்கு வலிப்புன்னு நெனச்சுட்டாங்கப்பா" என்றாள். 'அப்பா' என்ற அந்த ஒரு சொல்லுக்கு முருகையா மூக்கைச் சிந்த உள்ளே போய்விட்டார்.

சாப்பாடெல்லாம் முடிந்து கிளம்பும்போது சொன்னாள்: "இப்படியே கொண்டு போனா எங்க அடுக்குமாடி காண்டோவில வரிசையில நின்னு படம் புடிப்பாங்க. வெள்ளையாகுற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். நான் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வந்து பாத்துக்கிறேன்."

வந்தாள். அடுத்த வாரமும் வந்தாள். நீலம் மூன்று குளியலில் போய்விட்டது. மழை விட்டு வெயில் அடித்தது. முருகையா தினமும் காலையில் நாயோடு வெயிலில் உட்கார்ந்தார், மஞ்சளும் வெளுத்துக்கொண்டே வந்தது. ஆறாவது வாரம் சனிக்கிழமை நான் பார்த்தபோது, வாயோரம் லேசான ஆரஞ்சைத் தவிர, பாலில் குளித்த மாதிரி இருந்தது. முருகையா முகத்தில் மட்டும் களை இல்லை. "வெளுத்திருச்சு அண்ணி" என்றார், ஏதோ கெட்ட சேதி சொல்கிற மாதிரி.

மறுநாள் ஞாயிறு. மகள் வரும்போது நானும் போயிருந்தேன். சாந்தான் ஓடி வந்தது. இரண்டு காது நுனியிலும், வால் நுனியிலும், பளிச்சென்று புது மஞ்சள்.

தனேஸ்வரி காதைப் பார்த்தாள். வாலைப் பார்த்தாள். அப்புறம் தன் அப்பாவுடைய வலது கையில் மஞ்சளேறியிருந்த மூன்று விரலையும் பார்த்தாள். அவர் கையை மடக்கிக்கொண்டார். புஷ்பா வாயைத் திறக்கப் போனாள், நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன்.

"இன்னும் போகல போலிருக்கேப்பா" என்றாள் மகள்.

"ஆமாம்மா." நெற்றியில் வழிந்த வியர்வையைப் புறங்கையால் துடைத்தார். தலைக்கு மேல் வெயில் மண்டையைப் பிளந்தது. "எங்க, இந்தப் பக்கம் வெயிலே இல்லியே."

"சரிப்பா. அப்ப அடுத்த வாரமும் வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டு, அவள் உள்ளே போனாள்.